நிலை வைக்காத வீடு

வைத்திக்குப்பத்தில் முழங்கால் வரைக்கும் புதைகிற மணலில் வலை வைக்கிற கொட்டகை கட்டியவன் நான். மூன்று கொத்தனார்கள் வந்து பார்த்து, கடைக்கால் என்கிற அஸ்திவாரம் நிற்காது என்று கையை விரித்துவிட்டுப் போன இடம் அது. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் அரிசி மண்டி ஒன்றை மாடியோடு எழுப்பினேன். ஜனம் ஓயாமல் நடமாடுகிற சந்தில், ஒரு கூடைக்காரி தலையில்கூட ஒரு சில்லு விழாமல். வெள்ளைக்காரத் தெருவில், இன்றைக்கோ நாளைக்கோ என்று விரிசல் விட்டு நின்ற வண்டிவாசல் வளைவைப் பிரிக்காமலே சரிக்கட்டிக் கொடுத்தேன். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் கட்டினேன். வெட்டிக் கட்டிய கிணறுகள் எத்தனை என்று எனக்கே நினைவில்லை. இதெல்லாம் இரண்டாம் வகுப்போடு நின்றவன் செய்தது. அளவை எழுதத் தெரியாத வயதில் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்தவன் நான். எழுத்தையும் பிறகு நானேதான் கூட்டிக் கூட்டிப் பழகிக்கொண்டேன்.

இவ்வளவு கட்டினவனை ஒரே ஒரு வீடுதான் நாக்குத் தள்ள வைத்தது. உப்பளம் என்கிற பேட்டையில் எனக்கென்று நான் கட்டிக்கொண்ட வீடு. ஒரு கூடம், ஒரு அறை, பின்பக்கம் சமையலுக்கு ஒரு சார்ப்பு, அவ்வளவுதான். மண்டி கட்டினவனுக்கு அது ஒரு வேலையா. ஆனால் அந்தச் சமயம் பார்த்து என் மனைவி இரண்டாவது பிள்ளையைச் சுமந்தாள். அவளுடைய நாலாம் மாதம், ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம், இந்த மூன்று மாதத்தில் நான் பட்ட பாட்டை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் வாடகைக்கு இருந்தது வாய்க்கால் ஓரத்தில் ஒற்றை அறை. முந்தின ஐப்பசியில் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. என் மனைவி கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மண் அடுப்பு கரைந்தே போனது. தண்ணீர் வடிந்த அன்றைக்கு அவள் சொன்னாள், "அடுத்த மழைக்கு நான் இந்த ஊட்ல இருக்க மாட்டேன்."

தலைப்பிரசவம் பெண்ணுடைய தாய்வீட்டில். இரண்டாவது, புருஷன் வீட்டில், புருஷன் பொறுப்பில். எங்கள் வழக்கம் அது. அதற்கும் தாய்வீட்டுக்கே அனுப்பினால், பெண்டாட்டியைப் படுக்க வைக்க இடமில்லாதவன் என்று பேசுவார்கள். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிற கொத்தனாரைப் பார்த்து அப்படிப் பேசினால் அவன் சாந்து பூசுகிற கரணையைத் தூக்கிக் கடலில் போட்டுவிட வேண்டியதுதான். ஆகவே மழைக்கு முன்னால் கூரை ஏற வேண்டும், எனக்குப் பிறக்கிற பிள்ளை காய்ந்த தரையில் பிறக்க வேண்டும். அதைத் தவிர வேறு நினைப்பு எனக்கு இல்லை.

வைகாசியில் கடைக்கால் போட்டேன். நானே கொத்தன், என் மனைவியே சித்தாள். அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கட்டட வேலை பார்த்தவள். ஆனி முடியப் போகிற நேரம், சுவர் முட்டி உயரம் வந்திருந்தது. ஒரு நாள் சாந்துச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"இனிமே தூக்க முடியாதுங்க. மூணு மாசம் முடியப் போவுது."

"மூணு மாசமா? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லியிருந்தா எங்கம்மா உங்கள கடைக்கால் போட வுட்டிருப்பாங்களா?"

அவள் சொன்னதன் முழு அர்த்தம் ஆடி பிறந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மாமியார் வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மூட்டை கேழ்வரகோடு வந்து இறங்கினார். பெண்ணுக்கு நாலாம் மாதம், கூடவே இருக்கப் போவதாகச் சொன்னார்.

எங்கள் வழக்கத்தில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேச மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வீட்டில் இருக்கிற குழந்தையிடம் பேசுவார், பேச்சு எனக்கு. நானும் குழந்தையிடம்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் மூத்த பெண்ணுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. 'ம்மா', 'தா' என்ற இரண்டு வார்த்தைதான் வரும். அந்தப் பிள்ளையை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று மாதம் வழக்காடினோம்.

"கண்ணு, உங்கப்பாகிட்ட சொல்லு. மாசமா இருக்கிறவ ஊட்ல நெலை வைக்கக் கூடாது."

"பாப்பா, உங்க ஆயாகிட்ட சொல்லு. கடைக்கால் அப்பவே போட்டாச்சு. சொவரு முட்டி ஒசரம் வந்தாச்சு. நெலை நிறுத்தாம அதுக்கு மேல எப்படி ஏத்தறது?"

"அது உங்கப்பாவுக்குத்தான் தெரியும். அவருதான் பெரிய மேஸ்திரியாச்சே."

கட்டட வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிலை என்பது வாசக்கால். மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நல்ல நேரம் பார்த்து அதை நிறுத்துவோம். பிறகுதான் இரண்டு பக்கமும் சுவர் ஏறும். நிலை வைக்காமல் வீடு என்பது முதுகெலும்பு இல்லாத ஆளைப் போல. அதை வைக்கக் கூடாது என்றால் வீட்டையே கட்டாதே என்று அர்த்தம்.

அது ஒன்றோடு நிற்கவில்லை. ஐந்தாம் மாதம் பிறந்தால் நான் முகம் மழிக்கக் கூடாது. கடலில் குளிக்கக் கூடாது. பூசணிக்காய் வெட்டக் கூடாது. பாடை தூக்கக் கூடாது. மூத்த பெண் வயிற்றில் இருந்தபோதும் இந்தச் சட்டமெல்லாம் இருந்தது. ஆனால் அப்போது நான் அடுத்தவன் வீட்டில் சுவருக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தேன், ஒன்றும் உறைக்கவில்லை. அப்போது அவளுக்குக் கை நிறைய வளையல் அடுக்கினார்கள், விதவிதமாகச் சாதம் கட்டிக்கொண்டு வந்தார்கள், உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். இரண்டாவதுக்கு வளையல் போட ஒருத்தரும் வரவில்லை. தடை சொல்ல மட்டும் எல்லாரும் வந்தார்கள்.

என் மனைவி ஒரு பக்கம். நாலாம் மாதத்தில் வாந்தி நின்றது, பசி பிடித்துக்கொண்டது. சுறா வேண்டும் என்றாள். வெயிலில் வைத்திக்குப்பத்துக்கு நடந்து போய் வாங்கி வந்தேன். புட்டு செய்து இறக்கியதும், வாடை ஆகவில்லை, நீங்களே சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்று வேளை நான் சுறாப்புட்டு சாப்பிட்டேன். அவளுக்கு உண்மையில் பிடித்தது என் செங்கல். கட்டுவதற்கு முன்னால் செங்கலைத் தண்ணீரில் நனைப்போமில்லையா, அந்த வாசனைக்குத் தொட்டி ஓரத்தில் வந்து நிற்பாள். சும்மா நிற்பதாக நினைத்தேன். ஒரு நாள் கன்னம் உப்பியிருந்தது.

"வாயில இன்னா?"

"ஒண்ணுமில்ல."

"துப்பு."

துப்பினாள். பாக்கு அளவுக்குச் செங்கல் சில்லு. பார்த்துக்கொண்டிருந்த மாமியார் குழந்தையிடம் சொன்னார், "பாத்தியா கண்ணு, உங்கப்பா உங்கம்மாவுக்கு இன்னா துன்ன குடுக்கறாருன்னு."

இன்னொரு பக்கம் மூத்த பெண். வயிற்றில் பிள்ளை தங்கியதும் தாய்ப்பால் வற்றியது. வேப்பிலை அரைத்துத் தடவி மறக்கடித்தார்கள். பிள்ளை சவலை பாய்ந்துவிட்டது. கை கால் குச்சியாகி, எதற்கெடுத்தாலும் அழுகை. வயிற்றுக்காரி தூக்கக் கூடாது என்று மாமியார் சட்டம். மாமியாரிடம் பிள்ளை போகாது. மிச்சம் யார்? இடது இடுப்பில் பிள்ளை, வலது கையில் கரணை. அப்படி வரிசை வரிசையாகக் கல் வைத்திருக்கிறேன். சந்தேகமிருந்தால் உப்பளத்து வீட்டின், வாசல் இல்லாத வடக்குச் சுவரில் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள், நூல் பிசகாது.

ஐந்தாம் மாதம், ஆவணி. நான் பிடிவாதமாக ஒரு முகூர்த்த நாள் குறித்தேன். பழைய பிரெஞ்சு வீடு ஒன்றை இடித்தபோது எடுத்த தேக்கு நிலை என்னிடம் இருந்தது. தூக்க நாலு பேர் வேண்டும். எனக்குக் கூட்டாளியான கொத்தனார்கள் நாலு பேரைக் கூப்பிட்டேன். வந்தார்கள், வெற்றிலை போட்டார்கள், நிலையைச் சுற்றி வந்து மரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். ஒருத்தரும் கை வைக்கவில்லை. அவர்களில் மூத்தவர் வாயைத் திறந்தார்.

"மேஸ்திரி, தப்பா நெனைச்சிக்காத. உன் தாடியப் பாத்தா கை வரமாட்டேங்குது."

"எடுத்துட்டு வந்துடவா?"

"எடுத்துட்டு வந்தா கை சுத்தமா வராது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளி வேலைக்குப் போன இடத்திலும் இதே கதைதான். தாடியைப் பார்த்ததும், 'ஊட்ல மாசமா மேஸ்திரி? அப்ப நெலைக்கு வேற ஆள பாத்துக்கறோம், நீ பூச்சு வேலைக்கு வா' என்பார்கள். சித்தாள் வேலையிலிருந்து மேஸ்திரியாக ஏறினவனை, பெண்டாட்டி வயிறு திரும்பவும் கீழே இறக்கியது.

அன்றைக்கு மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து ஜெயித்த குரலில் பேசினார். "கண்ணு, நெலை வைக்காத ஊடு ஊடே இல்ல, வெறும் சொவருதான். சொவத்துக்கு இன்னா அவசரம்? தையில வச்சிக்கட்டும் உங்கப்பா. அதுவரைக்கும் உங்கம்மாவ நான் ஊருக்கு இட்டுனு போறேன்."

தை வரைக்கும் அந்தச் சுவர் இருந்தால்தானே. செம்மண் சாந்தில் கட்டியது. மேலே கூரை இல்லாமல் ஐப்பசி அடைமழை ஒன்று பெய்தால் கூழாகிவிடும். இதைக் குழந்தையிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. என் மனைவி ஊருக்குப் போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வெள்ளைக்காரத் தெருவில் பூச்சு வேலை. முன்பு நான் சரிக்கட்டிக் கொடுத்த அதே வண்டிவாசலின் கீழே நின்று சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாந்து பார்த்தேன். எத்தனை முறை பார்த்த வாசல். அதற்கு நிலையே இல்லை. கதவு சுவரிலேயே முளை அடித்து மாட்டியிருக்கிறது. மேல் பாரத்தை முழுக்கச் செங்கல் வளைவு சுமக்கிறது. வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

"பாப்பா, உங்க ஆயாவக் கேளு. நெலை வைக்கக் கூடாது, சரி. வளைவு வைக்கலாமா?"

அந்த அம்மாளுக்கு எல்லாவற்றுக்கும் சட்டம் தெரியும், இதற்குத் தெரியவில்லை.

"வெள்ளக்காரன் வைக்கிறதுக்கெல்லாம் நமக்கு ஏது சட்டம்? அது வெறும் ஓட்டதானே. ஓட்டைக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

அவ்வளவு போதும் எனக்கு. மறுநாளே வாசல் பக்கத்துச் சுவர்களும் ஏறத் தொடங்கின. கூட்டாளிகளும் வந்தார்கள், நிலையைத் தூக்கத்தான் பயம், வளைவு என்றால் எனக்கு உதவியாகக் கல் எடுத்துக் கொடுக்க அவர்களுக்குத் தடையில்லை. ஆனால் வளைவு வைக்கத் தெரிந்தவன் எங்கள் கூட்டத்தில் நான் ஒருத்தன்தான். வாசல் இடைவெளியில் சாந்தில்லாமல் செங்கலை அடுக்கி, அதன் தலையில் மண்ணை வளைவாக வழித்து, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்தில் ஒவ்வொரு கல்லாக ஆப்பு மாதிரி இறக்க வேண்டும். நடுப்புள்ளியில் ஒருத்தர் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மறு முனையை நான் கல்லுக்குக் கல் நகர்த்திப் பார்ப்பேன். நூல் அசைந்தால் வளைவு கோணும்.

மாமியார் நடவு வேலைக்காக நாலு நாள் ஊருக்குப் போயிருந்தார். என் மனைவி சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து நூல் பிடித்தாள். தூக்குகிற வேலை இல்லை, அவளே வந்து கேட்டு வாங்கிய வேலை. முன்வாசல் வளைவில் மேல் கல் இறங்குகிற நேரம், நூலை விட்டுவிட்டாள்.

"இன்னா? நூல வுட்டுட்ட."

"பொரளுதுங்க." வயிற்றில் கை வைத்திருந்தாள். "மூத்தவ இவ்ளோ சீக்கிரம் பொரளல."

"அது பொரண்டுக்கட்டும். நீ நூலப் புடி, சாந்து இறுகிடும்."

பிடித்தாள். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் இன்றைக்கு வரைக்கும், பேரப்பிள்ளைகள் மத்தியில், "நூலப் புடின்னாரு உங்க தாத்தா" என்று சொல்லிக் காட்டுகிறாள். அந்தக் கல் இம்மியும் கோணாமல் உட்கார்ந்ததை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

முன்வாசல், பின்வாசல், அறைவாசல், இரண்டு ஜன்னல். ஐந்து வளைவு. சாந்து இறுகிய பிறகு கீழே அடுக்கிய செங்கலை உருவ வேண்டும். அந்த நேரம்தான் தெரியும், நின்றதா விழுந்ததா என்று. கூட்டாளிகள் தெருவுக்கே போய் நின்றுகொண்டார்கள். நான் ஒருவனாக உருவினேன். கடைசிக் கல்லையும் எடுத்துவிட்டு, வளைவுக்கு நேர் கீழே நின்று தாடியைச் சொறிந்தேன். அது நின்றது. மூத்த கொத்தனார் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்து, "இனிமே உன்கிட்ட பேச முடியாதுடா சாமி" என்றார். அவர் வாயால் அதை வாங்க, கரணை பிடித்த நாளிலிருந்து எனக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று.

புரட்டாசியில் பனங்கைச் சட்டங்களை ஏற்றி நாட்டு ஓடு வேய்ந்தோம். அவளுக்கு ஆறாம் மாதம். வயிறு முன்னால் வந்துவிட்டது. கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், நான் உட்கார்ந்து நீவிவிட வேண்டும். இனி என்ன, சட்டி பானையை ஏற்றினால் முடிந்தது என்று வண்டிக்குச் சொல்லப் புறப்பட்டேன். நடவு முடித்துத் திரும்பியிருந்த மாமியார் குழந்தையைக் கூப்பிட்டார்.

"கண்ணு, வயித்த தள்ளிக்கினு புது ஊடு குடி போவக் கூடாது. யாரும் போனதில்ல."

கரணையை எடுத்துச் சுவரில் அடித்தேன். பிள்ளை அலறியது. மூன்று மாதத்தில் முதல் முறையாக நான் நேரே கதவைப் பார்த்தே பேசினேன். "இன்னாதான் வேணும் உங்களுக்கு? உங்க பொண்ணு தண்ணியில பெத்துக்கணுமா?" அப்படிப் பேசியது பெரிய மரியாதைக் குறைவு. உள்ளே மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு வாரம் யாரும் யாரோடும் பேசவில்லை. ஓடு வேய்ந்த வீடு உப்பளத்தில் ஆளில்லாமல் கிடந்தது. நாங்கள் வாய்க்கால் ஓரத்தில் கிடந்தோம்.

புரட்டாசி கடைசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. ஐப்பசிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஒரு நாழிகையில் வாய்க்கால் தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்தது. கட்டில்மேல் என் மனைவி, அவள் மேல் சாய்ந்துகொண்டு பிள்ளை, கால்மாட்டில் சேலையைச் சுருட்டிக்கொண்டு மாமியார். கட்டில்மேல் மறைந்துகொள்ளக் கதவு இல்லாததால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றேன். அப்போது என் மனைவி அம்மாவைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"எம்மா, நெலை வைக்காத ஊடு ஊடே இல்ல, வெறும் சொவருன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். அதுக்கு இன்னா?"

"நாலு சொவத்துக்கு நடுவுல போய்க் குந்துனா அது எப்படிம்மா குடி போறது ஆவும்?"

தண்ணீர் கட்டில் காலில் இன்னும் ஒரு விரல் ஏறியது. மாமியார் சுவரைப் பார்த்தபடியே பிள்ளையிடம் சொன்னார்.

"கண்ணு, பால் காய்ச்சக் கூடாது. கோலம் போடக் கூடாது. யாரையும் கூப்பிடக் கூடாது. வேலைக்கு வந்த கூலிக்காரங்க மூணு கல்லு வச்சி பொங்கித் துன்றாங்களே, அந்த மாரி தங்கிக்கச் சொல்லு."

"பாப்பா, சரின்னு சொல்லு," என்றேன்.

இப்படித்தான் நான் கட்டிய வீட்டுக்குள் நானே கூலிக்காரனாகப் போய் இறங்கினேன். மாட்டு வண்டியில் தார்ப்பாயை மூடிக்கொண்டு போனோம். கதவில்லாத வளைவுகளில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டேன். ஐப்பசியும் கார்த்திகையும் அடித்த மழையில் வாய்க்கால் ஓரத்து அறை சரிந்தே விழுந்தது. உப்பளத்தில் தரையில் ஒரு சொட்டு இல்லை. மார்கழியில் மகன் பிறந்தான், காய்ந்த தரையில், மாமியார் கையில். தையில் நிலைகளை வளைவுகளுக்குள்ளே பொருத்தி, மேல் இடைவெளியைக் கல்லால் அடைத்துப் பூசி, பால் காய்ச்சினோம். தாடியையும் எடுத்தேன்.

பால் காய்ச்சிய அன்றைக்கே ஆரம்பித்தார்கள். மாமியார் வந்தவர்களிடமெல்லாம், "எம்பேரன் பொறந்த ராசி, ஊடு வந்துச்சு" என்றார். சாகிற வரைக்கும் அதையே சொன்னார். உறவுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு கூட்டம், என் மனைவி ஒரு வார்த்தையில் அம்மாவை மடக்கினாள், அதனால்தான் வீடு கிடைத்தது என்கிறது. அந்த வார்த்தை அவளுடையதுதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. மூன்று மாதத்தை மறைத்துக் கடைக்கால் போட வைத்ததும் அவள்தான். அதை வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த மகனே தலை நரைத்து, தன் பிள்ளைகளிடம் தன்னுடைய ராசியைப் பற்றிப் பேசுகிறான். வயிற்றுக்குள் புரண்டுகொண்டிருந்த பயல் எந்தக் கல்லை எடுத்துக் கொடுத்தான்?

அவனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான். அந்த வீட்டுக்கு அடுத்த முறை சுண்ணாம்பு அடிக்கும்போது, முன்வாசல் நிலைக்கு மேலே பூச்சைக் கொத்தி எடுங்கள். உள்ளே வளைவு தெரியும். அதைத் திரும்பவும் பூசி மூடக் கூடாது. வருகிறவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். ராசி, வார்த்தை எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். அதைக் கட்டினது நான் என்று முதலில் சொல்லுங்கள்.